தேரடியும் ரவுண்டானாவும்

திருப்போரூருக்குக் கடைத்தெரு இரண்டு. ஒன்று கந்தசாமி கோயிலைச் சுற்றிய மாட வீதிகளிலும் சன்னதிக்குப் போகும் வழியிலும் சரவணப் பொய்கைக் கரையிலும் இருப்பது. மற்றது பழைய மாமல்லபுரம் சாலையில், ரவுண்டானாவையும் பேருந்து நிற்கும் இடத்தையும் ஒட்டி வளர்ந்தது. இரண்டுக்கும் இடையே சில நிமிட நடைதான். ஆனால் முதல் கடைத்தெரு பஞ்சாங்கம் பார்த்து வியாபாரம் செய்கிறது, இரண்டாவது பஸ் பார்த்து. பணம் முதலாவதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இரண்டாவதற்கு இடம் மாறியதைத்தான் இந்த ஊரின் வணிக வரலாறு என்று சொல்ல வேண்டும்.

சமராபுரி, யுத்தபுரி, போரி என்றெல்லாம் ஊருக்குப் பழைய பெயர்கள் உண்டு. எல்லாம் போரைச் சொல்பவை. முருகன் சூரனின் கூட்டத்தோடு மண்ணில் பொருத இடம் திருப்பரங்குன்றம், கடலில் பொருத இடம் திருச்செந்தூர், விண்ணில் பொருத இடம் திருப்போரூர் என்பது தலபுராணம். வரலாற்றுக்குக் கைகொடுப்பது 17ஆம் நூற்றாண்டின் சிதம்பர சுவாமிகள் கதை. மதுரையிலிருந்து வந்தவர், விருத்தாசலம் குமாரதேவரின் சீடர், வீரசைவ மரபினர். அவர் வந்தபோது இங்கே இருந்தது பனங்காடு. கோயில் ஆறு முறை கட்டி ஆறு முறையும் அழிந்துபோயிருந்தது என்றும், பனை மரத்தடியில் சுயம்பு மூர்த்தியைக் கண்டெடுத்து ஏழாவது முறையாகச் சுவாமிகள் கட்டியதே இப்போதுள்ள கோயில் என்றும் மரபு சொல்கிறது. வேம்படி விநாயகர் கோயிலில் அவர் தங்கியதும், நோய் தீர்ந்த நன்றிக்காக நவாப் நிலம் விட்டதும் அதே மரபில் வருகின்றன. அவர் பாடியது திருப்போரூர்ச் சன்னிதி முறை, 726 பாடல்கள். அவருடைய மடமும் சமாதியும் பக்கத்தில் கண்ணகப்பட்டில் இருக்கின்றன.

கதையில் எது எவ்வளவு உண்மை என்பது வேறு விவாதம். கடைத்தெருவின் வரலாற்றுக்கு அதிலிருந்து தெரிவது ஒன்றுதான். இங்கே ஊர் முதலில் வளர்ந்து, அதன் செல்வத்தில் பிறகு கோயில் எழவில்லை. காட்டில் கோயில் எழுந்தது, ஊர் அதைச் சுற்றி உட்கார்ந்தது. கோயில் கட்ட ஆள் வேண்டும். கல் தச்சர், சுண்ணாம்பு அரைப்பவர், வண்டிக்காரர் எல்லோருக்கும் அரிசியும் உப்பும் புளியும் வேண்டும். எந்தக் கோயில் ஊரிலும் முதல் கடை பெரும்பாலும் பக்தருக்காகத் திறந்ததாக இருக்காது, கொத்தனாருக்காகத் திறந்ததாகத்தான் இருக்கும்.

பதினைந்து கிலோமீட்டருக்குள் இதற்கு நேர் எதிரான உதாரணம் உண்டு. மாமல்லபுரம் துறைமுகம். சோழர் காலக் கல்வெட்டுகளில் அந்த ஊரின் பெயரோடு ‘நகரத்தார்’ என்ற வணிகச் சபையும் வருகிறது. அங்கே சரக்கு முதலில், சாமி அதன் பக்கத்தில். கோவளத்திலும் 18ஆம் நூற்றாண்டில் கோட்டை, பண்டகசாலை, கம்பெனிகளின் போட்டி என்று கடல் வணிகம் நடந்தது. கடற்கரையை விட்டு உள்ளே தள்ளியிருந்த திருப்போரூருக்கு அந்த வழியெல்லாம் இல்லை. அதற்கு இருந்த ஒரே சரக்கு வேண்டுதல்.

வேண்டுதலைச் சரக்கு என்று சொன்னால் முகம் சுளிப்பவர்கள் உண்டு. சுளிக்க வேண்டியதில்லை. ஜெர்மன் மொழியில் ‘மெஸ்ஸே’ என்ற ஒரே சொல் தேவாலயப் பூசையையும் வணிகச் சந்தையையும் குறிக்கிறது. புனிதர் திருநாளுக்குக் கூடிய கூட்டத்தில் கடை போட்டதிலிருந்துதான் ஐரோப்பாவின் பல பெரிய சந்தைகள் பிறந்தன. தமிழிலும் விழா வேறு, அங்காடி வேறு என்று யாரும் கோடு கிழித்ததில்லை. சிலப்பதிகாரத்துப் புகாரில் இந்திர விழாவும் நாளங்காடியும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன.

கோயில் கடைத்தெருவுக்கு வருடம் என்பது பன்னிரண்டு மாதமல்ல, கணக்கான சில நாள்கள். மாதம் தவறாமல் வரும் கிருத்திகை அதன் சம்பள நாள். அதிலும் ஆடிக் கிருத்திகை பெரியது. ஐப்பசியில் கந்த சஷ்டி ஆறு நாள், தைப்பூசம், மாசி பிரம்மோற்சவம், பங்குனி உத்திரம், வைகாசி விசாகம். விசாகம் சிதம்பர சுவாமிகளின் குருபூசையும் கூட. செவ்வாய்க்கிழமை ஓரளவு கூட்டம் வரும். மீதி நாள்களில் கடைக்காரர் பூவில் தண்ணீர் தெளித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். விவசாயி மழையைப் பார்ப்பதுபோல இவர்கள் நட்சத்திரத்தைப் பார்க்கிறார்கள். கிருத்திகை வேலை நாளில் விழுந்தால் ஒரு கணக்கு, ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் வேறு கணக்கு.

இந்தத் தெருவின் முதன்மையான பொருள் அர்ச்சனைத் தட்டு. ஒரு தேங்காய், இரண்டு வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, ஊதுபத்தி, சூடம், துண்டுப் பூ. தனித்தனியாக வாங்கினால் விலை ஒன்று, தட்டாக வாங்கினால் வேறொன்று. அந்த வித்தியாசத்தில்தான் கடை நடக்கிறது. “செருப்ப இங்க விடுங்கம்மா, காசு வேணாம், தட்டு மட்டும் வாங்கிக்குங்க” என்ற அழைப்புக்குப் பின்னால் ஒரு முழு வணிகத் தந்திரம் இருக்கிறது. செருப்பை விட்டவர் திரும்பி வந்தே ஆக வேண்டும். அப்போது குழந்தைக்கு ஒரு வேல் டாலர், வீட்டுக்குத் திருநீற்றுப் பொட்டலம், பொரி, கற்கண்டு என்று இரண்டாவது வியாபாரம் நடக்கும்.

தட்டில் நெஞ்சைப் படபடக்க வைக்கும் பொருள் தேங்காய். உள்ளே அழுகியிருந்தால் வாங்கியவருக்கு அது வெறும் நஷ்டம் இல்லை, சகுனம். எனவே கடைக்காரர் ஒவ்வொரு காயையும் காதருகே வைத்து ஆட்டி, நகத்தால் சுண்டிப் பார்த்துத்தான் தட்டில் வைக்கிறார். இப்படிப் பார்த்தும் தப்பிப்போன காயை யாரும் கடைக்குத் திருப்பிக் கொண்டுவருவதில்லை. சாமி முன்னால் உடைத்த காய்க்குப் புகார் கிடையாது. அடுத்த முறை வேறு கடைக்குப் போவார்கள், அவ்வளவுதான். நுகர்வோர் நீதிமன்றம் இல்லாத காலத்திலேயே இந்தத் தெருவைத் தரமாக வைத்திருந்தது அந்தப் பயம்தான்.

இதைச் சுற்றி மற்றத் தொழில்கள். மொட்டை போட்டு, பொய்கையில் குளித்து, தலையில் சந்தனம் பூசி வரும் குழந்தைக்கு விற்கவென்றே துணித் தொப்பி கட்டித் தொங்கவிட்ட கடைகள். காது குத்தும் ஆசாரி. காவடிக்குப் பூச்சரம் கட்டுபவர். 2021இல் அறநிலையத் துறைக் கோயில்களில் முடி காணிக்கைக்குக் கட்டணம் இல்லை என்று அரசு அறிவித்து, மொட்டை போடும் தொழிலாளர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை தரத் தொடங்கியது. சீட்டுக்குக் காசு நின்றது. கையில் திணிக்கும் காசு எவ்வளவு நின்றது என்பது தொழிலாளிக்கும் மொட்டைக்கும் மட்டும் தெரியும்.

கோயிலடியில் கடை நடத்துவதற்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு. தமிழ்நாட்டுக் கோயில் ஊர்களில் கடைக்காரருக்குக் கட்டடம் சொந்தமாக இருக்கலாம், மண் கோயிலுடையதாக இருக்கும். அதற்கு ‘அடிமனை வாடகை’ என்று பெயர். 1959ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டம், ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கு ஆணையரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. பிறகு சேர்ந்த பிரிவு சந்தை மதிப்பை வைத்து ‘நியாய வாடகை’ நிர்ணயிக்கச் சொல்கிறது. நியாயம் என்ற சொல் யார் பக்கம் நின்று சொல்லப்படுகிறது என்பதில்தான் வழக்குகள் எல்லாம். தாத்தா காலத்தில் கொட்டகையாக இருந்த இடத்தில் கான்கிரீட் கடை வைத்திருப்பவருக்கு அந்த மண்ணை அடகு வைக்க முடியாது, முறையாக விற்க முடியாது. அதனால் பெரிதாகச் செலவழித்து எழுப்பவும் மனம் வராது. கோயில் ஊர்களின் கடைகள் எந்தக் காலத்திலும் தற்காலிகமானவைபோலத் தெரிவதற்குக் காரணம் வறுமை மட்டுமில்லை, இந்த அடிமனையும்தான். பூக்கடை இரண்டு தலைமுறை ஓடினாலும் அதன் கூரை தகரமாகவே இருக்கும்.

இனி இரண்டாவது கடைத்தெரு. அதற்கு முன் தண்ணீரையும் தண்டவாளத்தையும் சொல்ல வேண்டும்.

ஊருக்குக் கிழக்கே, நெம்மேலிச் சாலை கடக்கும் உப்பங்கழியின் வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாய் போகிறது. 1806இல் சென்னைக்கு வடக்கே பேசில் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்துக்காரரின் கால்வாயாகத் தொடங்கி, பிறகு தெற்கே மரக்காணம் வரை நீண்டது. 1876–78 தாது வருடப் பஞ்சத்தில் கூலிக்கு வந்தவர்களின் கையால் சென்னைக்குள் அடையாறும் கூவமும் இணைக்கப்பட்டன. அப்போதைய ஆளுநர் பக்கிங்ஹாம் கோமகனின் பெயர் 1878இல் வந்தது. கேளம்பாக்கம், கோவளம் பக்கத்து உப்பு, கடற்கரை மணலில் வளர்ந்த சவுக்கு விறகு, கிளிஞ்சல் எல்லாம் படகில் சென்னைக்குப் போயின. உப்பு, விறகு, சுண்ணாம்பு என்று ஒரு நகரத்தின் அடுப்புக்கும் சுவருக்கும் தேவையானதெல்லாம் இந்தக் கரை வழியே போனது. ஆனால் அது போகும் சரக்கு. படகு திருப்போரூருக்காக நிற்க வேண்டிய காரணம் அதிகம் இல்லை. 1965, 1966 புயல்களுக்குப் பிறகு படகுப் போக்குவரத்தே தேய்ந்தது.

ரயில் அதுவும் செய்யவில்லை. 1870களில் தெற்கே போட்ட இருப்புப்பாதை தாம்பரம், கூடுவாஞ்சேரி, செங்கல்பட்டு என்று மேற்கே போய்விட்டது. ரயில் நின்ற ஊர்களில் மண்டி வந்தது, கிடங்கு வந்தது, அரிசி ஆலை வந்தது. செங்கல்பட்டு ஏற்கெனவே மாவட்டத்தின் பெயரைத் தாங்கிய ஊர். சந்திப்பும் அதற்கே கிடைத்தது. திருப்போரூருக்கு வண்டி மாடும், பிறகு பஸ்ஸும். இந்த விடுபடலால் ஒரு நூற்றாண்டு முழுதும் இது மொத்த வியாபார ஊராக ஆகவே இல்லை. காயார், இள்ளலூர், மானாம்பதி, தண்டலம் என்று சுற்றுக் கிராமத்து ஆட்கள் மளிகைக்கும் துணிக்கும் உரத்துக்கும் வரும் சில்லறை ஊராக இருந்தது. பனையும் ஏரிப் பாசன நெல்லுமாக இருந்த நாட்டுப்புறத்துக்கு அதுவே போதுமானதாகவும் இருந்தது. கோடையில் சாலையோரம் பனை ஓலையில் வைத்து நுங்கு விற்பவர், மார்கழி தையில் பனங்கிழங்குக் கட்டோடு உட்காருபவர், இவர்களைக் கடைக்காரர் என்று எந்தப் பதிவேடும் எழுதவில்லை. ஆனால் பனங்காட்டில் பிறந்த ஊரின் மிகப் பழைய வணிகர் இவர்கள்தாம்.

மாமல்லபுரத்துக்குப் போகும் தார்ச்சாலைதான் ஊரை இரண்டாக்கியது. சென்னையிலிருந்து கேளம்பாக்கம், திருப்போரூர் வழியாகவே மாமல்லபுரத்துக்குப் போக வேண்டியிருந்த காலத்தில், சிற்பம் பார்க்கப் போகும் பஸ்ஸும் காரும் இங்கே நின்றன. தேநீர்க் கடை, இட்லிக் கடை, பெட்டிக்கடை, சைக்கிள் கடை, பஞ்சர் கடை என்று சாலையோரம் ஒரு வரிசை உருவானது. அதன் வாடிக்கையாளருக்குச் சன்னதி எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டியதில்லை. இன்றும் தாம்பரத்திலிருந்து மாமல்லபுரம் போகும் 515ஆம் எண் பேருந்து வந்து நின்றதும் இறங்குபவர்களில் பாதிப்பேர் கோயிலை நோக்கித் திரும்புவதில்லை.

1990களின் இறுதியில் கிழக்குக் கடற்கரைச் சாலை வந்தது. ‘மாமல்லபுரம் சாலை’க்கு ‘பழைய’ என்ற அடைமொழி ஒட்டியது அப்போதுதான். சுற்றுலாக் கார்கள் கடலோரமாகப் போய்விட்டன. சாலையின் பெயரில் மட்டும் மாமல்லபுரம் மிஞ்சியது. திருப்போரூரை விட்டுச் சென்ற இரண்டாவது போக்குவரத்து இது. ரயில் வராமலே விட்டது, கார் வந்து விட்டுப் போனது.

அந்த நஷ்டத்தை ஈடுகட்ட வந்தது கணினி. 2000இல் தரமணியில் டைடல் பூங்கா, பிறகு சிறுசேரியில் சிப்காட் வளாகம், 2008இல் மத்திய கைலாசத்திலிருந்து சிறுசேரி வரை இருபது கிலோமீட்டர் ஆறு வழிச் சாலை, அதற்கு ராஜீவ் காந்தி சாலை என்ற பெயர். அகலச் சாலை சிறுசேரியோடு நின்றாலும் மனை விலை அங்கே நிற்கவில்லை. சிறுசேரிக்குத் தெற்கே, திருப்போரூரைத் தாண்டியும் வயல்களில் வண்ணக் கொடி ஏறியது. ஊருக்குத் தெற்கே ஆலத்தூரில் சிட்கோ தொழிற்பேட்டையின் மருந்துத் தொழிற்சாலைகள் ஏற்கெனவே இருந்தன. மாசி உற்சவத்தில் முருகன் பரிவேட்டைக்கு எழுந்தருளும் ஊர் ஆலத்தூர். வேட்டைக்குக் காடு என்று நினைத்துச் சாமி போன திசையில் இப்போது மாத்திரை தயாராகிறது.

கடைத்தெருவின் முகம் மாறியதை இந்தக் காலத்தில் கண்ணாலேயே பார்க்கலாம். மளிகைக்குப் பக்கத்தில் சிமெண்ட், கம்பி, பெயிண்ட், மின்சாதனக் கடைகள். ஜவுளிக்கு அடுத்து மொபைல் கடை. தங்கம் விற்கும் கடையைவிட அடகு பிடிக்கும் கடை அதிகம். எல்லாவற்றுக்கும் மேலாக, சார்பதிவாளர் அலுவலகத்தைச் சுற்றி எழுந்த ஒரு புதுக் கடைத்தெரு. பத்திர எழுத்தர், முத்திரைத்தாள் விற்பவர், நகல் எடுப்பவர், ‘வில்லங்கம் போட்டுத் தரப்படும்’ என்ற பலகை, நிலத் தரகர் நிற்கும் தேநீர்க் கடை. திருப்போரூரில் இன்று அதிகப் பணம் கைமாறும் தொழில் எது என்று கேட்டால் தேங்காயும் இல்லை, மளிகையும் இல்லை, மண். கோயில் நிலங்களும், பக்கத்துக் கடற்கரையில் ஆயிரம் ஏக்கருக்கு மேல் கொண்ட ஆளவந்தார் அறக்கட்டளை நிலங்களும் கைமாறாமல் காக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் வரை வழக்குப் போனது இந்தச் சந்தையின் வேகத்தைச் சொல்லும்.

ஆனால் பழைய கடைத்தெருவின் கடிகாரம் இங்கேயும் வந்து நிற்கிறது. பத்திரப் பதிவுக்கு நல்ல நாள் பார்க்காதவர் குறைவு. முகூர்த்த நாள்களில் பதிவுத்துறை கூடுதல் டோக்கன் தருவதே வழக்கமாகிவிட்டது. அதே முகூர்த்தத்தில் கோயிலில் கல்யாணங்கள் வரிசையாக நடக்கும். ஆகவே ஒரே காலையில், ஒரே பஞ்சாங்கத்தின்படி, ஒரு பக்கம் தாலி ஏறுகிறது, இன்னொரு பக்கம் மனை கைமாறுகிறது. இரண்டு வீட்டாரும் மாலை வாங்குவது மாட வீதியில்தான். பத்திரம் முடித்தவர் புதுப் பத்திரத்தைத் தட்டில் வைத்துச் சன்னதிக்குக் கொண்டுபோகும்போது, சாலையோரக் கடைத்தெருவின் பணத்தில் ஒரு சிறு பங்கு பழைய தெருவுக்குத் திரும்புகிறது.

2024 டிசம்பரில் இந்தக் கோயிலின் பெயர் நாடெங்கும் அடிபட்டது. பக்தர் ஒருவரின் ஐபோன் உண்டியலில் விழுந்துவிட்டது. உண்டியலில் விழுந்தது சாமிக்கே சொந்தம், வேண்டுமானால் அதிலுள்ள தகவல்களை எடுத்துக்கொள்ளலாம் என்று நிர்வாகம் சொன்னது. சிரித்துப் பகிர்ந்தவர்களுக்கு அது வேடிக்கைச் செய்தி. ஊருக்கு அது தெரிந்த விதிதான். கோயிலுக்குள் போன நிலம், காசு, தலைமுடி எதுவும் கொடுத்தவரிடம் திரும்பியதில்லை. அடிமனைக்காரரைக் கேட்டால் இன்னும் விவரமாகச் சொல்வார்.

2019 நவம்பர் 29இல் செங்கல்பட்டு தனி மாவட்டமானபோது திருப்போரூர் அதன் வட்டங்களில் ஒன்று. வட்டாட்சியர் அலுவலகம், ஒன்றிய அலுவலகம், பேரூராட்சி என்று மனுவோடு வருபவர் கூட்டமும் சேர்ந்துவிட்டது. மனு எழுதுபவர், நகல் கடை, மதியச் சாப்பாட்டுக் கடை, எல்லாம் சாலைப் பக்கம். காலவாக்கத்திலிருந்து ஆலத்தூர்ப் பக்கம் வரை ஊரைச் சுற்றிப் போகும் புறவழிச்சாலை சாலைக் கடைகளின் கவலை. லாரியும் வெளியூர்க் காரும் வெளியே போய்விட்டால் ரவுண்டானாவில் நெரிசல் குறையும், தேநீரும் குறையும். கார்கள் கடலோரம் போனதைப் பார்த்த பழைய கடைக்காரருக்கு இது இரண்டாவது தடவை. கோயில் தெருக்காரருக்கு அந்தக் கவலை கிடையாது. கிருத்திகைக்கு வருகிறவர் எந்தச் சாலை போட்டாலும் ஊருக்குள் திரும்பித்தான் ஆக வேண்டும்.

மாட வீதிக் கடைகள் வருடம் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக முன்னேறும். முதலில் ஒரு பெஞ்சு, அதன் மேல் தார்ப்பாய், பிறகு இரும்புக் கால். மாசித் தேருக்கு முன்னால் எல்லாவற்றையும் பின்னுக்கு இழுக்க வேண்டும். பேரூராட்சி நோட்டீஸுக்கு நகராத பந்தல் தேருக்கு நகரும். அந்த வீதிகளின் அகலம் இன்னும் மிஞ்சியிருப்பது தேர் திரும்ப இடம் வேண்டும் என்பதால்தான். ரவுண்டானா பக்கத்தில் தேர் வருவதில்லை. அங்கே கடைகள் சாலை வரைக்கும் வந்து நிற்கின்றன.